நாய்ப் பயிற்சிக்கு நீளக் கயிறு: காசிமேட்டு ரோப்பா, நாடாவா, பூச்சு வாரா?

நீளக் கயிறு வாங்கக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கம் எடைபோட்டு விற்கும் 8 மி.மீ. பிளாஸ்டிக் ரோப், புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரு டன் இழுவை தாங்கும். ராஜபாளையம் நாயே வந்து இழுத்தாலும் அது அறாது. அப்படியும் நாய் தப்பி ஓடுகிறது. கொக்கி திறந்துகொள்ளும், தையல் பிரியும், முடிச்சு நழுவும், இல்லையென்றால் உள்ளங்கை எரிந்து நாமே கயிற்றை விட்டுவிடுவோம். கயிறு நடுவில் அறுந்து நாய் ஓடியது என்பது அபூர்வம். அறுந்திருந்தால், வெயிலிலும் உப்பிலும் நாள்பட்டு இற்றுப்போன கயிறாக இருக்கும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு உப்புக்காற்று தினசரி விஷயம். அதனால் இந்த ஒப்பீட்டில் உப்பு, மணல், கை, கொக்கி ஆகிய நான்குக்கும் டன் கணக்கைவிடக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

## முதலில், எந்த வேலைக்கு?

கடையில் "நீளக் கயிறு" என்று கேட்டால் இரண்டு வேலைக்கான சாமானும் ஒன்றாகவே வரும். ஒன்று, "வா" என்றால் திரும்பி வரப் பழக்கும் பயிற்சிக் கயிறு. நாம் பிடித்திருப்போம், அல்லது நாய் தரையில் இழுத்துக்கொண்டு திரியும். இன்னொன்று, தூணிலோ கொக்கியிலோ கட்டிவைக்கும் கயிறு. இரண்டுக்கும் தேவை வேறு. பயிற்சிக் கயிறு லேசாகவும் கைக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். கட்டும் கயிறு கடித்தால் அறக்கூடாது, காலில் சுற்றக்கூடாது. ஒரே கயிற்றை இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டிலும் அரைகுறைதான்.

## எதை வைத்து எடைபோடுவது

அதிர்ச்சி. 25 கிலோ நாய் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 29 கி.மீ. அளவில் ஓடிக் கயிற்றின் முனையைத் தொடுகிறது என்று வையுங்கள். கயிறும் நம் கையும் சேர்ந்து அரை மீட்டர் இளகிக் கொடுத்தால் சராசரி இழுவை சுமார் 160 கிலோ. 10 செ.மீ.தான் இளகுகிறது என்றால் அதே நாய்க்கு 800 கிலோவைத் தாண்டும். நாயின் உடலும் கொஞ்சம் இளகும் என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையலாம். ஆனால் இளகல் குறையக் குறைய இழுவை ஏறும் என்பது மாறாது. ஆக, இழுத்தால் கொஞ்சம் நீளும் கயிறு விறைப்பான கயிற்றைவிட நல்லது. இந்த வேகத்தை நாயின் கழுத்து வாங்கக்கூடாது. நீளக் கயிற்றை ஒருநாளும் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். மார்பில் ஒய் வடிவில் வரும் ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும். ஹார்னஸ் விலையையும் சேர்த்துத்தான் கயிற்றின் விலை.

எடை. 10 மீட்டர் கயிற்றை நாய்தான் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். 5 கிலோ பொமரேனியனுக்கு அரைக் கிலோ கயிறு என்பது நமக்கு ஐந்தாறு கிலோ மூட்டையை இழுத்துக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

கை. மெல்லிய கயிறு தோலைக் கிழிக்கும், சொரசொரப்பான கயிறு எரிக்கும். எந்தக் கயிறானாலும் கையுறை வேண்டும். கட்டட வேலைக்குப் போடும் தோல் கையுறையே போதும்.

உப்பு, மணல், தண்ணீர். இந்தக் கரையில் இதுதான் உண்மையான ஆயுள் கணக்கு.

நீளம். கடையில் அடிக் கணக்கில்தான் சொல்வார்கள். 15 அடி தெருமுனைக்கு, 30 அடி திடலுக்கு. 50 அடி நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும். 30 அடி என்பது 9 மீட்டருக்கு மேல். மேலே சொன்ன வேகத்தில் ஓடும் நாய் ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முனைக்குப் போய்விடும். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் எண்ணூர் விரைவுச் சாலைக் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் நிற்கும். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும் பைக் வந்துபோகும் இடங்களிலும் நீளக் கயிறே வேண்டாம். 5 அடிக் கயிற்றோடு நடந்துபோய், திடலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

## காசிமேட்டு ரோப்

வடசென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது இதுதான், விலையும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கேட்டால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகையைத்தான் எடுத்துப் போடுவார்கள். நைலானும் இருக்கும். கடையில் இரண்டையும் "நைலான் கயிறு" என்றே சொல்வது வழக்கம். அங்கேதான் ஏமாற்றம்.

பிரித்தறிய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இரண்டு அங்குலத் துண்டு வெட்டிப் போடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். நெருப்புக் காட்டினால் இரண்டும் உருகும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் மெழுகுவத்தி அணைத்த வாசனை அடிக்கும்.

எடைக் கணக்கு இதோ: 8 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் 10 மீட்டர் ஏறத்தாழ 300 கிராம். அதே தடிமனில் நைலான் 420 கிராம். 6 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் 170 கிராம்தான், அரை டன்னுக்கு மேலேயே தாங்கும். பலத்துக்கு 6 மி.மீ. போதும். ஆனால் கைக்குப் போதாது. 6 மி.மீ. கயிறு உள்ளங்கையில் ஓடினால் கோடு போட்டதுபோல எரித்துவிடும். கையில் பிடிப்பதற்கு 10 மி.மீ. வாங்குங்கள். தரையில் இழுபட மட்டும் என்றால் 8 போதும்.

இதன் நல்ல குணங்கள்: தண்ணீர் குடிக்காது, மிதக்கும், உப்பால் கெடாது. அலையோரம் நாய் இறங்கினாலும் கயிறு காலடியில் மூழ்கிக் கிடக்காது.

கெட்ட குணம் வெயில். மொட்டை மாடிக் கொடியில் இரண்டு கோடை தொங்கிய கயிற்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பொடிபொடியாக உதிரும், நார்கள் சிலிர்த்து முள்போலக் குத்தும். அந்த நிலையில் டன் கணக்கெல்லாம் போயே போச்சு. இன்னொரு சங்கடம், வழவழப்பு. படகுக்காரர்கள் பழக்கத்தில் போடும் வளைய முடிச்சு, இழுவை வருவதும் தளர்வதுமாக இருந்தால் இதில் மெல்ல நழுவும். கயிற்றை இரட்டையாக மடித்து, 8 என்ற எண் வடிவில் வரும் முடிச்சு போட்டு, வால் பகுதியை ஒரு சாண் விட்டுவிடுங்கள். எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அதைவிட நல்ல வழி, மூன்று புரியைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே திரும்பப் பின்னிக் கொக்கிக்குக் கண், அதாவது சிறு வளையம், வைப்பது. பலம் பெரிதாகக் குறையாது, கல்லில் மாட்டும் முண்டும் இராது. செயற்கைக் கயிற்றில் ஒவ்வொரு புரியையும் குறைந்தது ஐந்து முறை நுழைக்க வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் வழுக்கிவிடும். வலை வேலை தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் செய்துகொடுப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும், வலையும் கயிறும் சீராகும். கேட்பதற்கு அது தோதான நேரம்.

படகில் ஓடித் தேய்ந்த பழைய கயிறு இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம். உள்ளே மணலும் உப்பும் ஏறியிருக்கும், சில நேரம் ஒடிந்த தூண்டில் முள்ளும் இருக்கும். இதையெல்லாம் விடுங்கள், மீன் வாசனை அடிக்கும் கயிறு நாய்க்குக் கயிறில்லை, தின்பண்டம்.

## நாடா

ஸ்கூல் பை வாருக்குப் போடும் தட்டை நாடாதான், சற்றுக் கனமான நெசவில். மூர் மார்க்கெட் பக்கம் உள்ள செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையத்திலும் தைத்து, கொக்கி மாட்டியே கிடைக்கும். பெரும்பாலும் 15 முதல் 25 மி.மீ. அகலம். நடுத்தர நாய்க்கு 20 மி.மீ. சரியாக இருக்கும்.

தட்டையாக இருப்பதால் கையில் பரவிப் படியும். மடித்துச் சுருட்ட எளிது, எடையும் குறைவு. நைலான் நாடா ரோப்பைப் போலவே கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நனைந்தால் பத்து, பதினைந்து சதவீதம் பலம் குறையும், கொஞ்சம் நீளும், பிறகு காய நேரமாகும். பாலியெஸ்டர் நாடா அவ்வளவு நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். இரண்டில் ஒன்று என்றால் நம் வெயிலுக்குப் பாலியெஸ்டர்.

இதன் எதிரி மணல். நெசவின் இடுக்குகளில் மணல் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே நூலை அறுக்கும். கடற்கரைக்குப் போய்வந்த நாடாவை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கி, இரண்டு விரலுக்கு நடுவே உருவுங்கள். பக்கெட்டின் அடியில் படிகிற மணலைப் பார்த்தால் புரியும். வாரம் மூன்று முறை கடற்கரை என்றால் வாரம் மூன்று பக்கெட் நல்ல தண்ணீர். இங்கே அதுவும் ஒரு செலவுதான்.

வாங்கும்போது தையலைத் திருப்பிப் பாருங்கள். கொக்கியருகே நாடா மடிந்து சேரும் இடம் நான்கு, ஐந்து செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். கட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்க வேண்டும். குறுக்கே இரண்டு கோடு மட்டும் ஓட்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தைத்த நூல் பருத்தியா என்றும் பாருங்கள். தொங்கும் நுனியில் தீக்குச்சி காட்டினால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. நாடாவுக்குப் பத்து வருடம் ஆயுள் இருந்தாலும் பருத்தி நூல் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். மறுபடி தைக்கப் பெரியமேட்டில் தோல் தைக்கும் கனமான மிஷின் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். தெருமுனைத் தையல்கடை மிஷின் ஊசி இரண்டு மடிப்பில் ஒடிந்துவிடும்.

## பூச்சு போட்ட வார்

பாலியெஸ்டர் நாடாவின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. பயோதேன் என்ற நிறுவனப் பெயரே பொதுப் பெயராகிவிட்டது. தண்ணீர் குடிக்காது, மணல் உட்காராது, ஈரத் துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. சேறு, சாக்கடை, மீன்கழிவு எதுவும் ஒட்டாது. கடற்கரைக்கு இதைவிடச் சுலபமானது இல்லை.

பிடிக்காத விஷயங்களும் உண்டு. நாடாவைவிடக் கனம் கூடுதல். கிட்டத்தட்ட இளகாது, அதனால் அதிர்ச்சி முழுவதும் உங்கள் தோளுக்கும் நாயின் ஹார்னஸுக்கும் போகும். பளபளப்பான ரகம் நனைந்தால் கையில் நிற்காது, மங்கல் ரகம் பரவாயில்லை. முடிச்சுப் போட்டால் வழுக்கும், போடவும் கூடாது. முனைகள் தையலிலோ திருகு ஆணியிலோதான் சேர்ந்திருக்கும். திருகு ஆணி என்றால் மாதம் ஒருமுறை இறுக்குங்கள். கறுப்பு வார் சித்திரை வெயிலில் கையைச் சுடும்.

பெயரைச் சொல்லி விற்கும் போலியில் பூச்சு மட்டும் தடிமனாக, உள்நாடா சல்லடைபோல இருக்கும். ஓரிடத்தில் கூர்மையாக மடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து வெடித்தால் அது வெறும் ரெக்சின்.

முதலில் போடும் பணம் இதற்குத்தான் அதிகம். வாரத்துக்கு நான்கு நாள் கடற்கரைக்குப் போகிறவருக்கு அது நியாயம். மாதம் ஒருமுறை போகிறவருக்குத் தேவையில்லை.

## பருத்திக் கயிறு

கைக்கு எல்லாவற்றையும்விட இதமானது. உள்ளங்கையில் ஓடினால் மற்றவை அளவுக்கு எரிக்காது. உலர்ந்த திடலில் குட்டி நாயைப் பழக்க நல்லது. ஆனால் 12 மி.மீ. தடிமனில் 10 மீட்டர் எடுத்தால் உலர்ந்தபோதே ஒரு கிலோவை நெருங்கும், நனைந்தால் இன்னும் மேலே. ஐப்பசி, கார்த்திகையில் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும், நாய் இரண்டு நிமிடத்தில் கடித்துத் துண்டாக்கும். மழைக்கு முன் வாங்க வேண்டாம்.

## சங்கிலியும் இரும்பு வடமும்

இவை பயிற்சிக்கு ஆகாது, கட்டிவைக்க மட்டும். 10 மீட்டர் சங்கிலி மூன்று கிலோவைத் தாண்டலாம், துளியும் இளகாது. பிளாஸ்டிக் உறை போட்ட இரும்பு வடம் லேசானது, கயிற்றைக் கடித்து அறுக்கும் நாய்க்கு ஏற்றது. ஆனால் உறைக்குள் உப்பு ஈரம் நுழைந்தால் வெளியே பளபளவென்றும் உள்ளே துருவாகவும் இருக்கும். உறையில் ஓரிடம் கிழிந்து பழுப்புக் கறை தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். முனையில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் அவசியம். வடத்தை நீங்களே மடித்து யு போல்ட்டால் இறுக்கினால், போல்ட்டின் வளைவு வெட்டிய வால் பக்கம் இருக்க வேண்டும், தட்டை அடிப்பாகம் இழுவை வரும் பக்கம். மாற்றிப் போட்டால் வளைவு வடத்தையே நசுக்கும். ஒன்று போதாது, மூன்று போடுங்கள்.

மொட்டை மாடியில் கட்டுகிறவர்கள் ஒன்றை அளந்தே ஆக வேண்டும். கட்டிய இடத்திலிருந்து கயிற்றின் நீளம், நாயின் உடல் நீளம் இரண்டையும் கூட்டினாலும் கைப்பிடிச் சுவரை எட்டக்கூடாது. எட்டினால் பூனையைப் பார்த்துத் தாவும் நாய் சுவருக்கு அப்பால் தொங்கும். படிக்கட்டுக்கும் இதே கணக்கு. ஆள் இல்லாத நேரத்தில் எந்தக் கயிற்றிலும் கட்டிவைக்க வேண்டாம்.

தானே உள்ளிழுக்கும் சுருள் கயிற்றைப் பற்றி இரண்டு வரி போதும். எப்போதும் லேசான இழுவையிலேயே இருப்பதால் இழுத்தால் நீளம் கிடைக்கும் என்று நாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறது. மணலும் உப்பும் போனால் ஸ்பிரிங் சிக்கும், பூட்டு நழுவும்.

## ஒரே பார்வையில்

| | 10 மீட்டர் எடை | அதிர்ச்சி தாங்க | கடற்கரையில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பாலிப்ரொப்பிலீன் ரோப், 8 மி.மீ. | 300 கிராம் | சுமார் | நன்று | கையுறை, வெயிலில் இற்றால் புதுக் கயிறு |
| நைலான் ரோப், 8 மி.மீ. | 420 கிராம் | மிக நன்று | சுமார் | கையுறை, அலசல் |
| நாடா, 20 மி.மீ. | குறைவு | நைலான் நன்று, பாலியெஸ்டர் சுமார் | அலசினால் நன்று | மறுதையல், தண்ணீர் |
| பூச்சு வார் | கூடுதல் | குறைவு | மிக நன்று | முதல் விலை |
| பருத்தி, 12 மி.மீ. | 1 கிலோ அளவு | குறைவு | கூடாது | அடிக்கடி மாற்றுதல் |
| இரும்பு வடம் | கூடுதல் | ஸ்பிரிங் இருந்தால் | துரு | ஸ்பிரிங், யு போல்ட் |

## கொக்கிதான் பலவீனமான கண்ணி

கயிற்றோடு வரும் நாய்க் கொக்கிகளில் பல துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே பளபளப்பு முலாம். அது வளையாமல், முன்னறிவிப்பின்றிப் பட்டென்று முறியும். முலாம் போன இடத்தை ஆணியால் கீறிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை தெரிந்தால் துத்தநாகம். காந்தம் ஒட்டினால் இரும்பு, இந்தக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது. பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளில் பித்தளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கிடைக்கும். 316 ரக ஸ்டீல் உப்புக்கு நல்லது.

கொக்கியின் அடியில் சுழலும் பகுதி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நாய் இரண்டு சுற்றுச் சுற்றியதும் கயிறு முறுக்கேறும். அந்தச் சுழலில்தான் மணல் முதலில் சிக்கும். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். மேலும் ஒன்று: கட்டைவிரலால் இழுக்கும் நாய்க் கொக்கியின் தாழ், ஹார்னஸ் வளையம் பக்கவாட்டில் அழுத்தினால் தானே திறந்துகொள்ளும். நல்ல பலமுள்ள நாய்க்குத் திருகுப் பூட்டு உள்ள காரபினர், அதாவது மலையேறுகிறவர்கள் மாட்டும் வளையக் கொக்கிதான் நம்பகமானது.

மாட்டி முடித்ததும் உறுதியான தாழ்ந்த கம்பியில் கட்டி, ஒரு அடி உயரத்தில் உங்கள் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். நாயின் அதிர்ச்சிக்கு இது ஈடாகாது. ஆனாலும் மோசமான தையலும் கொக்கியும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

## பிடிக்கும் முறை

விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். உள்ளங்கையில் எட்டு வடிவில் மடித்து மடித்து வைத்தால் ஒவ்வொரு மடிப்பாக வெளியேறும். வட்டமாகச் சுற்றினால் கையோடு இறுகும். தரையில் இழுபட விடும்போது முனையில் கைப்பிடி வளையம் இருக்கவே கூடாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் இடுக்கிலும் படகுக் கம்பிலும் அது மாட்டும். நாய் ஓட்டத்திலேயே நிற்கும். வளையத்தை வெட்டிவிட்டு, முனையிலிருந்து ஒரு மீட்டரில் ஒரே ஒரு முடிச்சுப் போடுங்கள். காலால் மிதித்து நிறுத்தும்போது செருப்புக்கடியில் அது பிடித்துக்கொள்ளும்.

அப்படியே ஒரு முறை நாய் முழு வேகத்தில் முனையில் மோதிவிட்டால், இருமல், தலையைச் சாய்த்தல், கால் இழுத்தல் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள். தெரிந்தால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

## யாருக்கு எது

முதல் கயிறு, நடுத்தர நாய், திடலில் பயிற்சி என்றால் 20 மி.மீ. பாலியெஸ்டர் நாடா, 30 அடி, பித்தளைக் கொக்கி. பெரும்பாலானவர்களுக்கு இதற்குமேல் தேவைப்படாது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஓட்டக்கார நாய்களுக்கு நைலான் நாடா அல்லது நைலான் ரோப், திருகுப் பூட்டோடு. அவற்றின் வேகத்துக்கு இளகல் தேவை. தினமும் கடலோரம் நடப்பவர் பூச்சு வார் வாங்கலாம். காசு கையைக் கடிக்கிறதென்றால் காசிமேட்டு ரோப் 10 மி.மீ., பின்னிய கண், கையுறை. ரோப்பில் மிச்சமான பணத்தைக் கொக்கியில் போடுங்கள். கடித்து அறுக்கும் நாயை வாசலில் கட்ட, ஸ்பிரிங் வைத்த இரும்பு வடம்.

பொமரேனியன், டாக்ஸ்ஹண்ட் அளவு நாய்க்கு 10 மி.மீ. நாடா, சிறிய கொக்கி. பெரிய நாய்க் கொக்கி ஒன்று அதன் முதுகில் ஆடிக்கொண்டே இருந்தால் நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் நிழலில் காயவைத்து, கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், மாடிக் கொடியில் வேண்டாம். மாதம் ஒருமுறை முழு நீளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். நாடாவின் ஓரம் பஞ்சாகியிருந்தாலோ, ரோப்பில் ஒரு புரி மற்ற இரண்டைவிட மெலிந்திருந்தாலோ, பல் பதிந்த இடம் தட்டுப்பட்டாலோ அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். மிஞ்சும் 15 அடி தெருமுனைக்கு ஆகும்.